ஒன்பது பன்னிரண்டுக்கு அணைந்த கணினி

நெரிடா கத்பெர்ட் தொழில் தொடங்கிய இந்தப் பதினோரு வருடங்களில் நான்கே வீடுகளில்தான் தேநீர் குடித்திருக்கிறாள். கணினி பழுது பார்க்கப் போகும் வீட்டில் முதல் வேலையாக விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவாள். ஒன்றும் விழாவிட்டால் தேநீருக்குச் சரி என்பாள். ரொட்டித் துகளும் நாய் முடியும் வெட்டிய நகமும் விழுந்தால், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பாள். மெக்கேயிலிருந்து மிரானி வரை, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் எல்லாம் அவள் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தவள்.

இருபத்திரண்டு வருடம் பள்ளி அலுவலகத்தில் இருந்தாள். ஆசிரியர்களின் கணினி எது முரண்டினாலும் "நெரிடாவைக் கூப்பிடு" என்பார்கள். ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள்; அவள் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். தொழில் பிடித்திருந்தது. வீடுகள்தான் பிடிக்கவில்லை. கணவன் கீத் சுரங்கத்தில் இரண்டு வாரம், வீட்டில் ஒரு வாரம். அவன் பூட்ஸ் இதுவரை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவ்வளவு சுத்தம் பார்ப்பவள் ஊரார் அழுக்கில் கைவிட்டுப் பிழைக்க வேண்டியிருந்தது. பையில் கையுறை ஒரு பெட்டி, பெயின்ட் பிரஷ் இரண்டு, பழைய பல்துலக்கி ஒன்று எப்போதும் இருக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் காலை வின்ஸ் மிக்காலெஃப் தொலைபேசியில் கூப்பிட்டார். எழுபத்தாறு வயது. கரும்பு நிலத்தை விற்றுவிட்டு வீட்டை மட்டும் வைத்திருக்கும் மால்டாக்காரர்.

"நெரிடா, மழை உள்ள மாட்டிக்கிச்சு."

அவளுக்குப் புரிந்தது. வின்ஸின் மழைக் கணக்கு அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 1981 முதல், தினமும் காலை ஒன்பது மணிக்கு, கொல்லையில் உள்ள மழைமானியில் அளந்து எழுதியது. நோட்டுப் புத்தகங்களை அவர் மனைவி டோலி இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கணினியில் ஏற்றினாள். அடுத்த வருடமே நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது கணக்கு அந்த ஒரு கணினியில் மட்டும்தான். வேறு பிரதி கிடையாது.

"பதினோரு நாளா தொறக்க மாட்டேங்குது. அதுக்கு முந்தி ஒரு மாசமா தெனம் காலையில 'அப்டேட் ஆகலை, பழையபடி மாத்துறோம்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. டவுன் கடைக்காரன், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடணும்கிறான்."

"அழிக்கச் சொல்லிடாதீங்க. வர்றேன்."

கரும்பாலை ஓடும் காலம். காரிலிருந்து இறங்கும்போதே கருகிய பாகு நாற்றம் மூக்கில் ஏறியது. உள்ளே போய் விசைப்பலகையைக் கவிழ்த்தாள். எறும்பு சாரை சாரையாக வெளியே வந்தது.

"டீ போடட்டுமா கண்ணு?" என்றாள் டோலி.

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்."

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியவள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். விசிறியில் காய்ந்த பல்லி ஒன்று, அதன் மேல் காயாத பல்லி ஒன்று. மூலையில் வெள்ளையாய் ஆறு முட்டை. தகடெங்கும் எச்சம், கறுப்பும் வெள்ளையுமாக, மிளகும் உப்பும் கொட்டியதுபோல. பிரஷால் தள்ளியபோது ஒரு வால் மட்டும் தனியாக அவள் மணிக்கட்டில் விழுந்தது. வெளியே ஓடித் தோட்டத்துக் குழாயில் கழுவினாள். திரும்ப வந்து புதுக் கையுறை மாட்டினாள்.

"பல்லியா பண்ணிச்சு?" என்று வின்ஸ் எட்டிப் பார்த்தார். "நான் அந்த அப்டேட் கம்பெனிக்காரனைத்தான் ஒரு மாசமா திட்டிக்கிட்டிருக்கேன்."

"அவனும் யோக்கியன் இல்ல. நல்லா ஓடுற மெஷின்ல தெனம் எதையாவது கொண்டாந்து திணிப்பான். இருங்க, பாக்கலாம்."

தன் கையோடு கொண்டுவந்த யூஎஸ்பி குச்சியைச் சொருகி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பினாள். உள்ளே இருந்த வன்தட்டு முனகியது. வின்ஸ் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். அவர் மூச்சில் நேற்றைய பூண்டு. கோப்பு தெரிந்தது. 'மழை' என்றுதான் பெயர். நெரிடா அதைக் குச்சிக்கு நகலெடுத்தாள். எண்பது சதவீதத்தில் நின்றது. வின்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். தட்டு ஒருமுறை 'க்ரக்' என்றது. நூறு.

"வந்திருச்சா?"

"வந்திருச்சு. திறந்தும் பாத்துட்டேன். 1981 இருக்கு."

அவர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். கையைத் துடைத்தது கால்சட்டையில். நெரிடா அதைப் பார்க்காதவள்போல் கணினி தானே எழுதிவைத்திருந்த நாள்வாரிக் குறிப்புகளைப் புரட்டினாள். எதனால் கெட்டது என்று தெரியாமல் சரிசெய்தால் அடுத்த வாரமே மறுபடி கெடும். பல்லி என்றால் கண்ட நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். இங்கோ ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி. ஜூலை ஐந்து, ஒன்பது பன்னிரண்டு, எதிர்பாராமல் மின்சாரம் போனது. ஜூலை ஆறு, ஒன்பது பன்னிரண்டு. ஏழு, ஒன்பது பன்னிரண்டு.

"வின்ஸ், காலையில ஒன்பது பன்னிரண்டுக்கு என்ன பண்றீங்க?"

"நானா? ஒண்ணும் இல்லையே. மழையை எழுதுவேன். கம்ப்யூட்டரை மூடச் சொல்லுவேன். எழுந்திரிச்சுப் போயிருவேன்."

"பொய் சொல்றான், கண்ணு," என்றாள் டோலி அடுப்படியிலிருந்து. "மூடச் சொல்லுவான், உடனே திரையோட பட்டனை அமுக்கி அணைப்பான், குனிஞ்சு சுவத்து சுவிட்சையும் தட்டிருவான். பல்லி சுவிட்சுக்குள்ள பூந்து பக்கத்து ஷெட்டு எரிஞ்சதுலேர்ந்து இந்த வீட்ல எந்த சுவிட்சும் உசுரோட இருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜையும் தட்டிவிட்டான். பன்றித்தொடை பச்சையாப் போச்சு. அதையும் ஒரு துண்டு தின்னு பாத்தான்."

நெரிடா பெட்டியை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்தாள்.

"மூடச் சொன்னதும் அது அப்டேட்டை ஏத்த ஆரம்பிக்கும். 'அணைக்காதே'ன்னு திரையில கெஞ்சும். நீங்க திரையை முதல்லயே கொன்னுட்டீங்க. அப்புறம் பாதி ஏத்தினதுல கழுத்தை அறுத்துட்டீங்க. மறுநாள் அது பாவம், பிச்சுப் பிச்சுப் பழையபடி ஆகும். நீங்க மறுபடி அறுப்பீங்க. ஒரு மாசம்!"

"எனக்கு எப்படித் தாயே தெரியும்? நாப்பது வருஷமா எல்லாத்தையும் சுவத்துலதான் அணைக்கிறேன்."

"உங்க மழையை நீங்களேதான் கொல்லப் பாத்தீங்க."

வின்ஸின் காது சிவந்தது.

பாதியில் நின்ற குப்பைகளை எல்லாம் அழித்து, புதுப்பிப்பை முதலிலிருந்து ஏற்றினாள். மூன்று மணி நேரம். நாற்காலி நுனியில், எதிலும் முழங்கை படாமல் உட்கார்ந்திருந்தாள். டோலி வைத்த பாலாடைக்கட்டி அடைத்த மால்டாப் பலகாரம் பஸ்தீட்சி, நெய் வழிய ஆறிப்போனது. அதன் விளிம்பில் ஒரு ஈ நடந்தது. கடைசியில் கணினி தானே அணைந்து, தானே எழுந்து, பழைய திரையைக் காட்டியது.

வின்ஸ் பீர் அட்டைப்பெட்டியின் கிழிந்த மடிப்பொன்றைக் கொண்டுவந்தார். விடுபட்ட நாட்கள் அதில் பென்சிலால் இருந்தன. ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு நாள் நான்கு மில்லிமீட்டர். மற்ற பத்தும் பூஜ்ஜியம்.

"பத்து பூஜ்ஜியத்தை எழுதி வச்சா காத்திருந்தீங்க?"

"பூஜ்ஜியமும் அளந்ததுதான். போய்ப் பாத்துட்டுத்தான் எழுதினேன்."

சேமித்தார். மூடச் சொன்னார். திரையை அமுக்கினார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து, சுவருக்குக் கையை நீட்டினார்.

நெரிடா அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். கையுறைதான் மாட்டியிருந்தாள்.

டோலி சிரித்துச் சிரித்து இருமினாள். நெரிடா சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை மூன்று அடுக்கு ஒட்டினாள். தேய்ந்து சத்தம் போடும் அந்த வன்தட்டை மாற்றச் சொன்னாள். தினமும் எழுதி முடித்ததும் கோப்பை அவளுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று கட்டளையிட்டாள். அந்தப் பிரஷைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. வீட்டில் இரண்டு முறை குளித்தாள்.

மறுநாள் ஒன்பது பதினைந்துக்கு மின்னஞ்சல் வந்தது. கோப்பு சரியாக இருந்தது. கீழே இரண்டு வரி:

"மழை இல்ல. சுவிட்சைத் தொடல. ஆனா டேப் ஓரம் பிரிஞ்சிருக்கு, பல்லி ஒண்ணு பசையை நக்கிக்கிட்டிருக்கு, என்ன பண்ண?"

கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு, கடித்திருந்த ரொட்டியை நெரிடா குப்பையில் போட்டாள்.