ரோட்டுச் சத்தமும் எடுக்கிற மைக்

அன்று அந்தக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தங்கச்சி, தங்கச்சி புருஷன், கடை முதலாளி. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. "உங்களோட வந்த இன்னொருத்தர்தான் இதையே குடுங்கன்னு கேட்டார்" என்று முதலாளி பிறகு ஒரு கதை சொன்னார். அப்படி ஒரு இன்னொருத்தர் கிடையாது.

என் தங்கச்சி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். திருவிழாவில் அவள் பாடியதை யாரோ போனில் எடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றிக் கொழும்பில் அம்மன் பாட்டுகளுக்கு இசை போடுகிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கூப்பிட்டுப் பேசினார். ஆறு பாட்டு இருக்கிறது, பாட்டுக்கு ஆறாயிரம் தருவேன், கொழும்புக்கு வரத் தேவையில்லை, வீட்டிலேயே பாடி அனுப்பினால் போதும் என்றார். ஆனால் போனில் எடுத்தது வேண்டாம், ஒழுங்கான மைக்கில், பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பாட்டு வர வேண்டும். அது சரியென்றால் ஆறும் அவளுக்குத்தான் என்றார். அவளுக்கு அன்றிலிருந்து நடையே மாறிவிட்டது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

சீட்டு எடுத்த காசு இருபதாயிரம் சட்டைப் பைக்குள் இருந்தது. ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் அதை எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

கடையில் முதலாளி இரண்டு மைக்கை எடுத்து வைத்தார். ஒன்று கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக், ஆறாயிரத்து ஐந்நூறு. மற்றது கம்பியில் தொங்குகிற கண்டென்சர் மைக், பதினெட்டாயிரத்து ஐந்நூறு. எதை எடுத்தாலும், தங்கச்சி புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பழைய கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு பெட்டி வேண்டும், அது பதின்மூவாயிரத்து ஐந்நூறு. சின்ன மைக்கை எடுத்தால் எங்கள் காசு சரியாக இருந்தது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அட்டைப் பெட்டியில் இங்கிலீஷில் எழுதியிருந்தது எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பயப்படத் தெரியும். அதனால் கேட்டேன்.

"அண்ணே, எங்களுது லயத்துக் காம்பரா. மேல தகரம். மழை பேஞ்சா பேசுறதே கேக்காது. இந்தப் பெரிய மைக் அதையெல்லாம் புடிச்சிக்காதா?"

"தம்பி, இது ஸ்டூடியோ மைக். கொழும்புல எல்லாரும் இதான் பாவிக்கிறாங்க. பாடுறது மட்டுந்தான் எடுக்கும்."

"பக்கத்துக் காம்பராவுல டீவி போடுவாங்க..."

"அதெல்லாம் ஒண்ணும் வராது தம்பி. சும்மா பயப்படாதீங்க."

தங்கச்சி புருஷன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை, லீவில் வந்திருந்தார். அவருக்கு நான் கேட்டதே வெட்கமாக இருந்தது.

"மச்சான், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் டெஸ்ட் பண்ணிப் பாக்கிறேன்."

எங்கள் தோட்டத்தில் மைக்கைச் சோதிக்க ஒரே ஒரு முறைதான். மைக்கை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசிப் பார்ப்பார்கள். கோயில் மைக்கை எல்லாரும் திட்டுவதற்குக் காரணமே, அதை வாயில் கடித்துக்கொண்டு பேசினால்தான் எடுக்கும் என்பது. திருவிழாவில் பூசாரிக்கும், பாடுகிறவர்களுக்கும், தொலைந்த பிள்ளையை அறிவிக்கிறவருக்கும் அந்த ஒரு மைக்தான். தூரத்தில் நிற்பவனையும் இழுத்தால் நல்ல மைக், இழுக்காவிட்டால் கெட்ட மைக். பிறந்ததிலிருந்து இதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

தங்கச்சி புருஷன், எனக்கும் அவர் மச்சான்தான், சின்ன மைக்கை மேசையில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்று "ஹலோ, ஹலோ" என்றார். கடை ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. "பாத்தீங்களா, நம்ம கோயில் மைக்கேதான்" என்றார். பெரிய மைக்கைப் போட்டார்கள். வாசலில் நின்று அவர் சொன்ன ஹலோ தெளிவாக வந்தது. அதற்குப் பின்னால், ரோட்டில் பஸ் கண்டக்டர் "கினிகத்தேன, அவிசாவளை, கொழும்பு" என்று கூவியதும் வந்தது.

"மச்சான், ரோட்டுல கண்டக்டர் கத்துறது கூட கேக்குது" என்றார், என்னவோ அவரே செய்த மைக் மாதிரி.

கடை முதலாளி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாடுகிறது மட்டுந்தான் எடுக்கும் என்று சற்று முன் சொன்ன அதே வாய். ரோட்டுச் சத்தம் வருகிறது என்று மகிழ்ந்து ஒருவன் மைக் வாங்குகிறான். அது தப்பு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவர் தரவில்லை. சிரித்தார்.

"அதான் குவாலிட்டி. பாக்கிக் காசு மெதுவா குடுங்க. ஆளுங்களத் தெரியாதா என்ன."

பன்னிரண்டாயிரம் கடன். மச்சான் கொழும்புக்குப் போய்விடுவார் என்பதால் பில் என் பெயரில்.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள்; காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் மிச்சம் பிடித்த கல்லை இன்றுவரை எந்தக் கம்பெனியும் வைத்து அடைக்கவில்லை. முதல் நாள் மாலை தங்கச்சி பாடத் தொடங்கியதும் பக்கத்து டீவி நாடகத்தில் ஒருத்தி அழுதது முழுதாகப் பதிந்தது. டீவியைக் குறைக்கச் சொன்னோம். குறைத்தார்கள். மறுபடி பாடினாள். சுவருக்கு மேலே இருந்து பக்கத்துக் காம்பரா அக்காவின் குரல் வந்தது.

"தங்கச்சி, ரெண்டாவது அடியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும்டி. திருவிழாவுல நல்லா இழுத்தியே."

"அக்கா, ரெக்கார்டிங் போகுது."

"போகட்டும், போகட்டும். நான் வாயே தொறக்கல."

அதுவும் பதிந்தது.

வியாழக்கிழமை தங்கச்சி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. ஒரு நாள் பேரும் சம்பளமும் போனால் போகட்டும், ஆளுங்கள் மலைக்குப் போனபிறகு லயம் அமைதியாக இருக்கும் என்று நினைத்தோம். கம்பளியை மூன்று பக்கமும் தொங்கவிட்டு, அதற்குள் அவளை நிற்க வைத்தேன். கரண்ட் போய்விடுமோ என்று ஒவ்வொரு வரிக்கும் பல்பைப் பார்த்தேன். கரண்ட் போகவில்லை. மழை வந்தது. மழை விட்டபோது, காய்ச்சலில் கிடந்த மகனுக்காக வீட்டில் நின்றிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா அவனை ஏசத் தொடங்கினார். கம்பளிக்குள் வேர்த்து நின்ற தங்கச்சி மறுபடி முதல் வரியிலிருந்து பாடினாள். சாயங்காலம் அவள் தொண்டை கட்டிப்போனது. அதில் இருந்தது எதுவோ அதை அனுப்பினோம்.

ஞாயிறு அன்று இசை போடுகிற அந்தக் கொழும்புக்காரர் கூப்பிட்டார். "குரல் நல்லா இருக்கும்மா. ஆனா பின்னால ஒரு அம்மா பிள்ளையை ஏசுறது உன் குரலைவிடத் தெளிவா இருக்கு. மழை வேற. இதை வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது."

நான் மைக்கைக் கட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். சின்ன மைக்கைத் தாங்க, இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தொறந்த சாமான் எடுக்கிறதில்ல தம்பி."

"நான் கேட்டேனே அண்ணே. மழை புடிக்குமான்னு உங்ககிட்டதானே கேட்டேன்."

அப்போதுதான் அந்த இன்னொருத்தர் கதையைச் சொன்னார். பிறகு சொன்னார்: "மைக்ல பிழை இல்ல. உங்க வீட்டுலதான் பிழை."

அந்தச் சொல் இன்னும் எனக்குள் எரிகிறது. எங்கள் வீட்டில் பிழை என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே கேட்டேன். வீட்டை மாற்றித் தருகிற கடை ஒன்று ஹட்டனில் இருந்தால் நான் ஏன் அவர் கடைக்குப் போகிறேன்? மைக்கை மறுபடி கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் இத்தனையும் அவரிடம் சொன்னேன், வாய் திறக்காமல்.

கோயில் தலைவரிடம் கெஞ்சி அந்தக் கெட்ட மைக்கை ஒரு நாளுக்கு வாங்கி வந்தேன். வயரை அதே பெட்டியில் செருகினோம். தங்கச்சி அதை உதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பாடினாள். பக்கத்தில் டீவி ஓடியது, அக்கா மகனை ஏசினார், ஒன்றையும் அது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவள் குரல் மட்டும் முன்னால் நின்றது. கடையில் மேசை மேல் வைத்துவிட்டு வந்த ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் மைக்கும் இதே வகைதான்.

கொழும்புக்காரர் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே அனுப்பியிருக்கலாமே" என்றார். அதற்குள் ஐந்து பாட்டை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று மிச்சம். தங்கச்சி அதைப் பாடினாள். மச்சான் கொழும்பிலிருந்து போன் பண்ணி, "பாத்தீங்களா, பாட்டு வந்துருச்சில்ல" என்றார். நான் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வாசல் இஸ்தோப்புக்கு வந்துவிட்டேன்.

பாட்டுக் காசை அவள் எண்ணாமல் என் கையில் கொடுத்தாள். "கொண்டுபோய்க் கட்டிருங்க அண்ணே" என்றாள். அவள் பாடிய காசு முழுவதையும் அந்தக் கடை முதலாளி சிரித்துக்கொண்டே வாங்கி மேசைக்குள் போட்டார். பெரிய மைக் பையில் சுற்றியபடி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஆறாயிரம் ரூபாய்.