வலிச்சா என்ன செய்வீங்க?

மலேசியாவின் கிள்ளானில் நான் பிரஷர் மாத்திரை வாங்கும் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் ஒரு பெண்மணி நிற்பார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

“வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா அங்கிள்?”

இல்லை என்றேன். அவர் விடவில்லை.

“முட்டி வலிச்சா என்ன செய்வீங்க?”

“கடையில வாங்குற வலி மாத்திரைதான் லா. தினமும் ரெண்டு.”

அது மருந்துக் கணக்கில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

“பிரஷர் மாத்திரையோட அதையும் போட்டா கிட்னி கெட்டுடும். நிறுத்துங்க. டாக்டர்கிட்ட சொல்றேன், பிளட் டெஸ்ட் எடுத்துட்டுப் போங்க.”

அடுத்த வாரம் ரிசல்ட்டைப் பார்த்தார். “கிட்னி ரீடிங் லேசாத்தான் ஏறியிருக்கு. தப்பிச்சிட்டீங்க,” என்றவர், குனிந்து தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்களுக்கு வலிச்சா என்ன செய்வீங்க?” என்றேன்.

“கொஞ்ச நேரம் உக்காந்துக்குவேன்.”

அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நாற்காலியே இல்லை.