கடைசியில் கூப்பிடும் பெயர்கள்

கோத்தகிரி பஸ் வர இன்னும் நேரமிருக்கிறது. ஸ்டாப்புக்கு எதிரே நான் படித்த கல்லூரி. உள்ளே நுழைகிறேன். மூன்று கட்டடம், ஒரு கேன்டீன், வாலிபால் கோர்ட்டில் மேயும் மாடு. எல்லாம் அப்படியே; மாடு மட்டும் வேறு.

முதல் வகுப்பு நடக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் பெஞ்சில் இடமே இல்லை. எங்கள் காலத்தில், தேயிலைக் கொழுந்து வரும் மாதங்களில், இந்த நேரத்துக்குப் பாதி வகுப்பு காலியாகக் கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் இலை பறித்து, எடை போட்டுவிட்டு, கறை படிந்த விரல்களோடு ஒவ்வொருவராக வருவார்கள். வகுப்பு முழுக்கப் பச்சை இலை மணக்கும். அவர்களுக்காகவே அட்டெண்டன்ஸைக் கடைசியில் எடுப்பார்கள்.

இன்றும் பாடம் முடிந்த பிறகுதான் பெயர்களைக் கூப்பிடுகிறார் ஸ்டெல்லா. இங்கேயே படித்து இங்கேயே பாடம் நடத்துகிறவர். எனக்குப் பல வருஷம் இளையவர். வெளியே வந்ததும் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்.

"கிளாஸ் நெறஞ்சிருக்கே. பாக்கவே சந்தோஷமா இருக்கு."

"ஃபேக்டரியில எலை வாங்க மாட்டேங்கறாங்கக்கா. வாங்கினாலும் பறிக்கற கூலிக்குக்கூடக் கட்டறதில்ல. காலைல வேற எங்க போவாங்க?"

நிறைந்த பெஞ்சுகளை மறுபடி எட்டிப் பார்க்கிறேன். பிறகு கேட்கிறேன்.

"எல்லாரும் நேரத்துக்கு வந்துடறாங்கன்னா, அட்டெண்டன்ஸ மொதல்லயே எடுத்துடலாமே?"

"எடுக்கலாங்கக்கா." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிடுகிறார். "ஆனா எலைக்கு இனிமே வெலையே வராதுன்னு நானும் முடிவு பண்ணிட்ட மாதிரி ஆயிருமுங்க."