வாயுறுதி

என் நேரத்தை வெள்ளவத்தைதான் தின்கிறது என்று நான் மனதார நம்பியிருந்தேன். கொழும்பில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. காணி விற்று வாங்கிய உறுதிப் பத்திரங்களையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுப்பது தொழில். கதவைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் "ஒரு சின்ன விசயம்" என்றே வருவார்கள். பெரிய விஷயத்தோடு ஒருவரும் வந்ததில்லை.

அந்தக் கிழமைத் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி தொலைபேசியில் வெடித்தார். எனக்கு மாதம் தவறாமல் வேலை தருபவர் அவர் ஒருவர்தான்.

"ஐசே, நான் கேட்டது காணி உறுதி. நீர் தாறது வாயுறுதி. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கிடையில வரேல்லையெண்டா வேற ஆளிட்டக் குடுத்திடுவன். பிறகு உம்மட்ட வரவே மாட்டன்."

புத்தியுள்ளவன் உடனே உட்கார்ந்து உறுதியை மொழிபெயர்ப்பான். நான், நேரம் எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதற்குத் தமிழில் சொல்ல வேண்டும். பொழுதுபட, எதில் எவ்வளவு போனதென்று படம் போட்டுக் காட்டும். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஏற்பாடு.

கீழே துணிக்கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் வந்தார். "சேர், சிங்களத்தில ஒரு கடுதாசி வந்தீக்கி, என்னண்டு பாத்துச் செல்லுங்க." அவர் போனதும் போனுக்கு, "நானாவோட கதைச்சனான்" என்றேன். பிறகு வந்தவரோடும் கதைச்சனான். அதற்குப் பிறகு வந்தவரோடும்.

பின்னேரம் படம் வந்தது. வட்டம் முழுக்க ஒரே நிறம். பக்கத்தில் 'கதை சொல்லுதல்' என்று போட்டிருந்தது. காணி உறுதிக்கு நூல் மாதிரி ஒரு கீற்று.

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அக்கரைத் தமிழ்நாட்டில் தமிழ் படித்த செயலிக்கு, நமக்குக் கதைப்பது என்றால் பேசுவது என்று யார் சொல்லிக் கொடுப்பது? மனைவியிடம் போனை நீட்டினேன்.

"பாரும், தமிழே விளங்காத சாமான். கதைச்சனான் எண்டால் கதை சொன்னனானாம்!"

"நானாட கடுதாசியில என்ன இருந்தது?"

"திருத்த வேலைக்குக் கரண்ட் வெட்டப் போறாங்களாம்."

"அவ்வளவுதானோ சொன்னனீங்கள்?"

"பிறகு... முந்திக் கரண்ட் போன நேரம், மேல்வீட்டு மாப்பிள்ளை தாலியோட லிஃப்டுக்குள்ள மாட்டுப்பட்டது..."

"அப்ப அதுக்குத் தமிழ் நல்லாத்தான் விளங்குதப்பா."

வந்தவர்கள் கொண்டுவந்தது உண்மையிலேயே சின்ன விஷயம்தான். அதை ஊதிப் பெருப்பித்தது என் வாய்.

மறுநாள் கதவைப் பூட்டினேன். முதலில் உறுதி, மற்றதெல்லாம் பிறகு. தட்டியவர்கள் தட்டிவிட்டுப் போனார்கள். வேலை அதிசயமாக ஓடியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கங்கள்தான் மிச்சம். தலை இடித்தது. ஒரு பிளேன்டி குடிக்கலாம் என்று கீழே இறங்கினேன்.

"என்ன சேர், ரெண்டு மூணு நாளா கதவு பூட்டு?" என்றார் நானா.

கேட்ட மனிதருக்குக் காரணம் சொல்ல வேண்டாமா? செயலியில் தொடங்கினேன். நானா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். அவருக்காக முதலிலிருந்து சொன்னேன். பின்னேரமாகியும் மனைவியின் குரலில் நடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஐசே, உறுதி முடிஞ்சுதோ? மணியப் பாத்தனீரோ?"

"இன்னும் கொஞ்சம்தான்..."

காணி உறுதி கொட்டாஞ்சேனையிலேயே வேறொருவரிடம் போனது. அந்தச் சட்டத்தரணி அதற்குப் பிறகு எனக்கு வேலை தரவில்லை.