தூசி என்று சொன்ன சாதிக் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்கேன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சாதிக் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மகள். "அத்தா தவறிட்டாருங்க அக்கா. நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவரு எந்திரிக்கவே இல்லீங்க." துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து கோபி வரைக்கும் எந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும், முதுகுப் பையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவர் சிரிப்புதான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு மத்தியானம்தான் வருகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. எங்கள் ஸ்கேன் சென்டரில் படங்களை வெளியே அனுப்ப இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் வைரஸ் புகுந்து நோயாளிகளின் படங்களை அழிக்கத் தொடங்கியிருந்தது. அதனால் அண்ணன் அன்று காலைதான் புது டிஸ்க் மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றியிருந்தார். எல்லாம் சரியாக வந்தது, நெட் மட்டும் வரவில்லை. கேபிள் கண்ணெதிரே சொருகியிருக்கிறது; திரையோ கேபிளே இல்லை என்று சாதிக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் அடி. படம் எடுத்துவிட்டேன். கோவை பீளமேட்டில் இருக்கும் எலும்பு டாக்டர் அதைப் பார்த்துச் சொன்னால்தான் ஆளை அசைக்கலாம். தப்பாக அசைத்தால் கை கால் விளங்காமலே போய்விடும். செல்போன் சிக்னலும் அன்று பேச மட்டும்தான் எட்டியது; படம் போகாது. "ஏனுங்க, படம் போயிருச்சுங்களா?" என்று அடிபட்டவரின் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலாளி பொறுமை இழந்தார். "ஓசியில கிடைக்குதுன்னு கண்டதையும் ஏத்துனா இப்படித்தான்! பழைய டிஸ்க்கையே மாட்டுங்க!" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அண்ணன் அசையவில்லை. "மாட்டுனா வைரஸ் இந்தப் படத்தையும் தின்னுபோடுமுங்க. புதுசா வந்தவன் மேல பழியப் போட்டா வேலை முடிஞ்சாப்புல இருக்கும், ஆனா கோளாறு அங்கயேதான் இருக்கும்."

கேபிளைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் சொருகினார். அதில் இருந்தது விண்டோஸ். அதிலும் கேபிள் பக்கத்து விளக்கு எரியவில்லை. "அப்ப லினக்ஸ் மேல தப்பில்லீங்க." வேறு கேபிள் மாற்றினார். அப்போதும் எரியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார், யார் கத்தினாலும் அந்த வரிசை மாறாது. பிறகு கேபிளின் மறுமுனை போய்ச் சேரும் சுவர்ப் பெட்டிக்குள் டார்ச் அடித்தார். ஒரு துளையை விரலால் துழாவினார். கேபிளை அடுத்த துளைக்கு மாற்றினார்.

பச்சை விளக்கு எரிந்தது. நான் ஓவென்று கத்திவிட்டேன். கம்ப்யூட்டருக்கு வந்து கேபிளைச் சொருகியதும் படம் போனது. டாக்டர் போனில் சொன்ன மாதிரியே கழுத்தைக் கட்டி, பலகையோடு ஆளைக் கொண்டுபோனார்கள். பின்னாளில் அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு நடந்தே வந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றார் முதலாளி.

"தூசி அடைச்சிருச்சுங்க."

டீ குடிக்கும்போதுதான் அண்ணன் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். துளைக்குள் காய்ந்திருந்தது சந்தனம். பூஜைக்காகக் கேபிள்களை எல்லாம் கழற்றித் துடைத்த பிறகு, பெட்டி மேல் முதலாளி தன் கையாலேயே வைத்த பொட்டு உள்ளே வழிந்திருந்தது.

"சொல்லியிருக்கலாமுல்லீங்க அண்ணா? உங்கள அந்தப் பேச்சு பேசுனாரே!"

"கும்பிட்டு வெச்ச பொட்டு அம்மணி. எல்லாரும் நிக்கறப்ப அதையப் போயி குத்தம்னு சொல்றதுங்களா? அடுத்த வருசம் பெட்டிக்கு மேல, செவுத்துல வெச்சுருங்க."

எனக்கு அண்ணன் மேல்கூடக் கோபம் வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு பூஜைக்கும் நானே முந்திக்கொண்டு சுவரில் பொட்டு வைத்துவிடுவேன்.

அடக்கம் முடிந்து முதலாளியின் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவிநாசி தாண்டியதும் அவர் சொன்னார்: "தூசின்னாரல்ல அன்னைக்கு? அவரு வெரல்ல சந்தனம் இருந்துச்சு. நான் பார்த்தேன். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமயே இருந்துபோட்டேன்." பிறகு அழுதார்.

நெட் நின்றால் முதலில் விளக்கைப் பார்க்கிறேன். புதிதாக வந்ததன் மேல் பாய்வதில்லை. இரண்டும் அண்ணன் கொடுத்தவை. தூசி என்று சொல்லும் மனசு மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

வருகிற ஆயுத பூஜைக்குச் சுவரில் பொட்டு வைக்கும் வேலையைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் முதலாளி.