மாகிரட்டின் தாச்சி

திருகோணமலைத் துறைமுகத்தடியில பொரிச்ச கோழி எங்க எண்டு கேட்டா எல்லாரும் கையைக் காட்டுறது மாகிரட்டின்ர கடையைத்தான். கடையெண்டதும் பெரிசா நினைச்சுப்போடாதேங்கோ. தகரக் கூரை, ஒரு வாங்கு, ரெண்டு அடுப்பு, அதில ஒண்டில அகலமான இரும்புத் தாச்சி. நிலாவெளி பஸ்ஸுக்கு நிக்கிறவை, மூட்டை இறக்கிறவை, ஊர் பாக்க வந்த வெள்ளைக்காரர், எல்லாரும் கடதாசியில சுத்தின துண்டை நிண்ட நிலையில திண்டுபோட்டுக் கையைத் துடைச்சுக்கொண்டு போவினம்.

அந்தப் பொரியலை மாகிரட் பழகினது ஒரு இங்கிலீசு நேவிக்காரன்ர குசினியில. சுதந்திரம் கிடைச்ச புதுசில அங்க வேலைக்குப் போனவ. துரைசாணி கோழியை மாவில பிரட்டி மாட்டுக் கொழுப்பில பொரிக்கச் சொல்லுவா, சில நாள் பண்டிக் கொழுப்பில. வெள்ளைக் கட்டியாக் கிடக்கிறது உருகி, அதுக்க கோழி இறங்கினா, மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஐம்பத்தேழில வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான். துரைசாணியும் போனா, வேலையும் போச்சு. அப்பத்தான் மாகிரட் தன்ர கைப்பழக்கத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்தவ.

வந்தாப்போலதான் விளங்கிச்சுது, இந்த ஊரில கோழியைவிட எண்ணெய்தான் பெரிய கதை எண்டு. மாட்டுக் கொழுப்பெண்டா சைவ சமயச் சனம் எட்டியும் பாராது. பண்டிக் கொழுப்பெண்டா முஸ்லிம் சனம் அந்த ரோட்டாலேயே போகாது. நல்லெண்ணெய் கட்டுப்படியாகாது. தேங்காயெண்ணெய்க்குத்தான் சாதியும் இல்லை, சமயமும் இல்லை. ஆனா அது லேசுப்பட்ட சாமான் இல்லை பாருங்கோ. காயிறதுக்கு முந்திப் போட்டா கோழி எண்ணெயைக் குடிச்சுக்கொண்டு கிடக்கும். மிஞ்சிக் காய்ஞ்சா புகை எழும்பி வாங்கில இருக்கிறவன் எல்லாம் இருமுவான். பழசானா நுரை தள்ளும். நுரையைக் கண்டா மாகிரட் யோசிக்கிறதில்லை, கொண்டுபோய் ஊத்திப்போடுவா. "ஐயோ, பவுண் மாதிரி எண்ணெய்!" எண்டு ஆரும் வாயைத் திறந்தா, "அப்ப நீயே குடி" எண்டுவா.

அப்பிடி இருந்தும் முஸ்லிம் ஆக்கள் முதல்ல வரேல்லை. கிறிஸ்தவ வேதக்காரியின்ர சட்டியில முந்தி என்ன வெந்துதோ, ஆருக்குத் தெரியும்? அந்தத் தயக்கத்தை உடைச்சவர் முத்தலிப். கோழி வளத்து, ஓதி அறுத்து விக்கிறவர். மாகிரட்டுக்குக் கோழி குடுத்ததும் அவர்தான்; அண்ணன் முறை வைச்சு 'நானா' எண்டுதான் கூப்பிடுவா. ஒரு நாள் கடைக்குள்ள வந்து இருந்து, எண்ணெய் எங்க வாங்கிறது, தாச்சியை வேற எதுக்குப் பாவிக்கிறது எண்டெல்லாம் கேட்டுப்போட்டு ஒரு துண்டைத் திண்டார். அடுத்த நாள் பள்ளிவாசலடியில, "நான் திண்ட இடம், நீங்களும் தின்னலாம்" எண்டு சொன்னாராம். அவ்வளவுதான், சனம் வந்திது. அண்டையில இருந்து தாச்சியால எடுக்கிற முதல் துண்டு முத்தலிப்புக்கு. அவர் திண்ட பிறகுதான் மற்றாக்களுக்கு. புருசன் செத்து மகன் றொபேட்டோட தனிச்ச காலத்திலயும் அந்த முறை பிழைக்கேல்லை. அந்த மனுசன்ர சொல்லிலதான் கடை நிக்குதெண்டு மாகிரட்டுக்கு நல்லாத் தெரியும்.

சூறாவளி அடிச்சு மட்டக்களப்புப் பக்கத்துத் தென்னையெல்லாம் சரிஞ்ச அடுத்த வருசம், தேங்காயெண்ணெய் நெருப்பு விலை. புதுசா வந்த பாம் எண்ணெயையும் வாங்கிப் பாத்தா. அது ஒரு கிழமை கிடைக்கும், மறு கிழமை கிடையாது. அந்த நேரம் பாத்துக் கட்டைபறிச்சானில தங்கச்சிக்குச் சுகமில்லையெண்டு சேதி வர, கடையை றொபேட்டிட்ட விட்டுட்டு மூதூர் லாஞ்சில ஏறினா.

திரும்பி வந்து கடையை நெருங்கேக்கையே மூக்குச் சொல்லிப்போட்டுது. துரைசாணியின்ர குசினி மணம். உள்ள போனா, முதல் ஈடு அப்பத்தான் இறக்கி வைச்சிருக்கு. வாங்கில முத்தலிப், கையில பாதி திண்ட துண்டு.

"தங்கச்சி, இவ்வளவு காலமும் இந்தக் கைப்பக்குவத்த எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" எண்டு சிரிச்சார். "மகள்ர கலியாணத்துக்கு நீங்கதான் பொரிச்சுத் தரணும். இதே ருசி. கொஞ்சமும் குறையப்படாது."

மாகிரட்டுக்கு "ஓம் நானா" எண்டது மட்டும் வெளியில வந்திது. அவர் அங்கால போக, விறகை இழுத்துத் தண்ணி ஊத்தி அணைச்சா. மிச்சத் துண்டு ஒண்டையும் ஒருத்தருக்கும் குடுக்க விடேல்லை. மூலையில பெரிய தகர டின் ஒண்டு, உள்ளுக்கு வெள்ளை வெளேரெண்டு கொழுப்பு.

"எங்கால இது?"

"கப்பல்காரன் ஒருத்தன் இண்டைக்குத்தான் மலிவாத் தந்தவன் அம்மா. நல்லாப் பொரியுது."

"இது பண்டிக் கொழுப்படா!"

"அதுக்கென்ன? நத்தார்ப் பெருநாளுக்கு நாங்கள் தின்னாததே?"

பாருங்கோ, அவன் கெட்டவன் இல்லை. கோழி ஓதி அறுத்தது, அது காணுமெண்டு நினைச்சிருக்கிறான். தன்ர நாக்குக்குப் பழகினது மற்றவனுக்கும் சாப்பாடுதான் எண்ட நினைப்பு. "எருமை! அந்த மனுசன் எங்களை நம்பி வாயைத் திறந்தவரடா!" எண்டு மாகிரட் குழறின குழறலில ரோட்டால போனவையும் என்னெண்டு விளங்காம நிண்டு பாத்தினம்.

கடையைப் பூட்டினா. பூட்டினாப்போல யோசனை விடுமே? அவர் தெரியாமத் திண்டவர். தெரியாமத் திண்டது பாவமில்லையெண்டுதான் அவையின்ர சமயமும் சொல்லும். சொன்னா அவருக்கு அந்தப் பொரியல் சந்தோசம் போகும், நெஞ்சு நோகும், கடையும் போகும். சொல்லாமல் விட்டா ஒரு குருவிக்கும் தெரியாது. பிறகேன் சொல்லவேணும்? தன்ர பாரத்தை இறக்கிறதுக்காக ஒரு நல்ல மனுசன்ர தலையில ஏத்திறதோ? இப்பிடியே நாள்கணக்காச் சுத்திச் சுத்தி வந்திது. ஆனா எந்தப் பக்கத்தால சுத்தினாலும் கலியாணத்தில வந்து முட்டிச்சுது. இதே ருசி வேணுமெண்டு கேட்டிட்டாரே. தேங்காயெண்ணெயில அந்த ருசி சென்மத்துக்கும் வராது.

முத்தலிப் தன்ர வளவில கோழி அறுத்துக்கொண்டு நிக்கேக்க போய்ச் சேர்ந்தா. சுத்தி வளைக்கேல்லை. "நானா, அண்டைக்கு நீங்கள் சாப்பிட்டது பண்டிக் கொழுப்பில பொரிச்சது. பெடியன் தெரியாமச் செய்துபோட்டான். வேற ஒருத்தரும் தின்னேல்லை."

முத்தலிப் கத்தியை வைச்சார். கிணத்தடிக்குப் போய் வாய் கொப்பளிச்சார். திண்டு எத்தனையோ நாளாச்சு, எண்டாலும் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுத் துப்பினார். மாகிரட்டுக்கு அதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமக் கிடந்தது. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பா.

"என்னத்துக்குப் புள்ள எனக்கிட்ட சொன்னீங்க?"

"அந்த ருசி வேணுமெண்டு கேட்டீங்கள் நானா. அதை நான் எப்பிடித் தாறது?"

அவர் வாயைத் துடைச்சார். "சட்டிய ஏழு தரம் கழுவுங்க. அதில ஒரு தரம் மண் போட்டு. அப்பதான் எங்கட ஆக்களுக்கு ஆகும்." பிறகு கத்தியைத் திரும்ப எடுத்து, "கலியாணத்துக்குப் பொரியல் வேணாம். சனம் என்னைய நம்பி வாய் வெக்கிது" எண்டார்.

மாகிரட்டும் றொபேட்டும் தாச்சியைக் கிணத்தடியில வைச்சு, மண் போட்டு உரஞ்சி, ஏழு தரமும் கழுவிச்சினம். காலங்காலமா எண்ணெய் ஊறி மினுங்கின கறுப்பெல்லாம் கழண்டு, தாச்சி வெறும் சாம்பல் நிறத்தில கிடந்தது. றொபேட் தண்ணியை அள்ளி அள்ளி ஊத்தினான். மாகிரட் அழுதுகொண்டே கழுவினா. சொன்னதுக்காக அழுதாவோ, நடந்ததுக்காக அழுதாவோ, அவவுக்கே தெரியாது.

அதுக்குப் பிறகும் கலியாணத்துக்கு ஆள் அனுப்பி அழைப்புச் சொல்லியிருந்தார் முத்தலிப். போறதோ விடுறதோ எண்டு தடுமாறி, கடைசியா ஒரு நல்ல சீலையைச் சுத்திக்கொண்டு போனா. பெம்பிளையளின்ர பக்கத்தில ஒரு மேசையில, வேற சமயத்து ஆக்களுக்கெண்டு தனித்தனித் தட்டு வைச்சிருந்திது. மற்றவை எல்லாம் பாயில. பெரிய தட்டம் ஒண்டில சோறும் இறைச்சியும் குவிச்சு, ஆறு பேர் சுத்தி இருந்து ஒரே தட்டத்தில கை வைச்சுத் தின்னுறது அவையின்ர வழக்கம். சஹன் எண்டு சொல்லுவினம். மாகிரட் தலையைக் குனிஞ்சுகொண்டு மேசைப் பக்கம் நடந்தா.

"எங்க போறீங்க?" முத்தலிப்பின்ர பெண்சாதி நஜ்முன் நிஸா பாயில இருந்தபடியே கையைப் பிடிச்சு இழுத்தா. "எங்கட சஹனில ஒரு கை குறையுது. இருங்க."

மாகிரட் இருந்தா. சோத்துக்கு மேல பொரிச்ச கோழி. ஐஞ்சு பேரும் தொடாமல் பாத்துக்கொண்டிருக்கினம். ஆறாவது கை வராமல் ஒருத்தரும் தொடங்கமாட்டினம். மாகிரட்டின்ர கை மடியை விட்டு எழும்பேல்லை.

நஜ்முன் நிஸா ஒரு துண்டை எடுத்து அவவின்ர பக்கம் வைச்சா. "நான்தான் பொரிச்ச. தேங்காயெண்ணெய்தான், பயப்பிடாம சாப்பிடுங்க."

சுத்தியிருந்தவை எல்லாம் சிரிச்சுப்போட்டினம். மாகிரட்டுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா முட்டிக்கொண்டு வந்திது. சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப்போட்டுத் தட்டத்தில கையை வைச்சா.