நல்லாத் தோக்குறவனா ஒருத்தன்

ஜெயிக்கமாட்டான் என்று உலகமே முடிவு கட்டிவிட்ட ஒருவனைத் தேடிப் பிடித்து, இந்த வாரம் இவன் ஜெயிக்கக்கூடும் என்று நாலு பத்தி எழுதுவது என் தொழில். ஆட்டம், கோல்ஃப். வாசகர்கள், வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள். அங்கே பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி, இங்கே தப்பு. அதைச் சொல்லும் ஒரு வரி என் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரியையும் நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

தூத்துக்குடியில் ஒரு தினசரியில் ஆயுசின் பெரும்பகுதியை ஓட்டியவன் நான். துறைமுகத்துக்கு வந்த கப்பல், உப்பளத்தில் பெய்த மழை, இரண்டையும் ஒரே நடையில் எழுதிப் பழகியவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலை வந்தது. வாராவாரம் ஒரு போட்டி. நூற்றைம்பது பேர் இறங்குவார்கள், இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நாலாம் நாள் ஒருவன் கோப்பையைத் தூக்குவான். அந்த ஒருவன் என் ஆளாக இருப்பதில்லை. இன்சூரன்ஸ் பிடிப்பவர்களே, பொருத்தம் பார்ப்பவர்களே, வானிலை சொல்பவர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

புகார் வராத சரக்கு

என்னை வேலைக்கு எடுத்தவள் கீர்த்தனா. லண்டனில் இருக்கிறாள், என் மகளைவிடச் சின்னவள். போனிலேயே நேர்முகத் தேர்வு. கோல்ஃப் மைதானத்தில் நான் கால் வைத்ததே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது ஒரு பிரச்சினையே இல்லை என்றாள். ஆட்டக்காரர்களின் பழைய விவரமெல்லாம் அனுப்புவோம், அதைப் படித்து, யாரும் கண்டுகொள்ளாத ஒருவனைத் தேர்ந்தெடுத்து, சுவையாக எழுத வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி ஆளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அவுட்சைடர்.

"வாராவாரம் நான் சொல்கிறவன் தோற்றுக்கொண்டே இருந்தால்?" என்று கேட்டேன். தினசரியில் ஒரு ஊர்ப் பெயர் தப்பாகப் போட்டால் காலை ஆறு மணிக்கே போன் அடிக்கும், அந்தப் பழக்கம். கீர்த்தனா சிரித்தாள்.

"பயப்படாதீங்க அங்கிள். பெரிய ஆள் தோத்தாத்தான் சண்டைக்கு வருவாங்க. அவுட்சைடர் தோத்தா ஒருத்தர்கூடப் புகார் சொல்ல மாட்டாங்க."

ஒரு கையெழுத்து

உள்ளூரில் எனக்கு ஒரு வாசகர் உண்டு. பால்பாண்டி அண்ணாச்சி, உப்பு வியாபாரி. பீச் ரோட்டு டீக்கடையில் என் கட்டுரையை போனில் உரக்க வாசிப்பார். எங்களுக்குள் உள்ள பந்தயம் ஒரு டீ. என் ஆள் ஜெயித்தால் அவர் வாங்கித் தர வேண்டும், தோற்றால் நான். ஆரம்பித்த நாளிலிருந்து நான்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் அதிசயமாக என் ஆள் இரண்டாம் நாள் முடிவில் முன்னால் நின்றான். கோல்ஃபில் குறைவாக அடித்தவன்தான் ஜெயிப்பான். ஒவ்வொருவன் அடித்த கணக்கையும் கூட ஆடுகிறவன் ஓர் அட்டையில் குறித்துக் கொடுப்பான், சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து அடித்த குழிக்கு நாலு என்று எழுதியிருந்ததை என் ஆள் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான், போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். தினசரியில் ஒருமுறை உயிரோடு இருந்தவர் படத்தை இரங்கல் செய்தியில் போட்டுவிட்டேன், மறுநாளும் எனக்கு வேலை இருந்தது. அவனுக்கு இல்லை.

சனிக்கிழமை டீக்கடையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு உப்பு மழையில போகும், உங்க ஆளுக்குக் கையெழுத்துல போயிருக்கு. போறது எதுலயாச்சும் போவத்தான் செய்யும். நீங்க டீக்குச் சொல்லுங்க தம்பி."

காற்று பார்க்கிறவர்

அடுத்த வீட்டு தொம்மை கப்பலில் போசன். மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதம் கடல், பிறகு சில மாதம் வீடு. வீட்டில் இருக்கும் மாதங்களில் அவருக்குப் பொழுது போகாது. கடைசியாக வந்தபோது என் கட்டுரையைப் பிடித்துக்கொண்டார். லண்டனில் இருக்கும் தம்பியிடம் சொல்லி, அவன் பேரில் பந்தயம் கட்டினார். நான் சொன்னவனெல்லாம் தோற்றான். தொம்மைக்கு என் மேல் கோபமே வரவில்லை, பரிதாபம் வந்தது.

ஒரு நாள் காலையில் போனோடு வந்தார். கப்பல்காரர்கள் பார்க்கும் காற்று வரைபடம். அதில் ஸ்காட்லாந்துக் கரை முழுக்க அம்புக்குறிகள். அந்தக் கரையோரம் அவர் பலமுறை போயிருக்கிறார். அடுத்த வாரப் போட்டி அங்கேதான், கடலை ஒட்டிய மைதானம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கச்சான் காத்து பிடிக்கும் அண்ணாச்சி. கடைசி நாள், பிந்தி நிக்கவனை முதல்ல ஆட விடுவான், முந்தி நிக்கவன் கடைசியில ஆடணும். அப்ப மேல்காத்துல மாட்டப்போறது யாரு? முந்தி நிக்கவன்தானே?" என்றார். நான் ஆட்டக்காரர்களின் விவரத்தைக் காட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

"நீங்க இம்புட்டு நாளும் பந்தை அடிக்கவனைப் பாத்தீய. அதான் தோத்தீய. காத்தைப் பாருங்க."

சத்தியம்

அன்று மாலையே தொம்மையின் மனைவி செல்வி வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள். சென்னை ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், அந்தப் போட்டிக்கு மறுவாரம் கப்பல் ஏற வேண்டும். மகள் நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. தொம்மைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இந்த முறை வரவில்லை என்று சொன்னால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். தொம்மையோ காற்று பார்த்தே பிழைத்துக்கொள்ளலாம், இனி எதற்குக் கப்பல் என்கிறார்.

வீட்டில் சண்டை முற்றி, கடைசியில் மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். இந்தப் போட்டியில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி எழுதுகிறவன் தோற்றால் மறுபேச்சு இல்லாமல் கப்பல் ஏறுவேன், ஜெயித்தால் ஏறமாட்டேன். செல்வி அதற்குச் சம்மதித்துவிட்டாள். ஏனென்று கேட்டேன். "நீங்க எழுதி இதுவரைக்கும் எவன் ஜெயிச்சான்?" என்று திருப்பிக் கேட்டாள். குத்திக்காட்டவில்லை, விசாரித்தாள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

"உங்களை நம்பித்தான் இருக்கேன் அண்ணாச்சி. நல்லாத் தோக்குறவனா ஒருத்தனை எழுதுங்க."

நான் எழுதியதில் நல்ல கட்டுரை

தோற்பவனைத் தேர்ந்தெடுப்பது எனக்குக் கைவந்த கலை என்று நினைத்திருந்தேன். வேண்டுமென்றே தேடும்போதுதான் கஷ்டம் தெரிந்தது. நல்ல ஆளாக இருக்கக் கூடாது, அதே சமயம் தொம்மை நம்ப வேண்டும். கடைசியில் ஒருவன் கிடைத்தான். நாற்பதைத் தாண்டியவன். பந்து குழிக்குப் பக்கத்தில் இருக்கும்போது கை நடுங்கும் என்று அவனைப் பற்றி எல்லோருமே எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் பெரும்பாலான போட்டிகளில் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போனவன். அவன் போட்டிருந்த தொப்பியில் விளம்பரம்கூட இல்லை.

அவனைப் பற்றி நாலு பத்தி எழுதினேன். கடலோரத்தில் பிறந்தவன், காற்று இவனுக்குப் பழகிய எதிரி, பொறுமைசாலி என்றெல்லாம். கடலோரத்தில் பிறந்தது மட்டும் உண்மை. தொம்மை சுவரின் அந்தப் பக்கம் நின்றே வாசித்துவிட்டு, எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வியின் கை அப்படியே நின்றது.

"எழுத்துன்னா இதுல்லா எழுத்து! இவன் தோப்பான்னு எனக்கே தோணல அண்ணாச்சி."

மெழுகுவர்த்தி

ஞாயிறு மாலை பூசை முடிந்து செல்வி மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கேயோ குளிரில் நிற்கும், முகம் தெரியாத ஒருவன் தோற்க வேண்டும் என்று தூத்துக்குடியில் ஒருத்தி வேண்டிக்கொண்டாள். போனைக் காட்டினேன். எங்கள் ஆள் இரண்டாம் நாளில் வீட்டுக்குப் போகாமல் எப்படியோ தப்பிவிட்டான். பிந்தி நின்றதால் அன்று சீக்கிரமே ஆடி முடித்துவிட்டான். அவனைவிட நன்றாக ஆடிய ஆறேழு பேர் இன்னும் மைதானத்தில் இருந்தார்கள். செல்வி நிம்மதியாக மூச்சு விட்டாள். ஏழு பேருமா கெட்டுப்போவார்கள் என்று நானும் சொன்னேன்.

ராச்சாப்பாட்டு நேரத்தில் தொம்மை வீட்டில் போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம், ஸ்காட்லாந்தில் காற்று பிடித்தது. கொடிகள் விறைத்தன. அடித்த பந்து அடித்தவன் காலடிக்கே திரும்பி உருண்டது. ஒருவன் கடலுக்குள் அடித்தான், ஒருவன் புதருக்குள். ஒவ்வொருவனாக எங்கள் ஆளுக்குக் கீழே இறங்கினான். மிஞ்சிய ஒருவன் கடைசிக் குழியில் நின்றான். கையெட்டும் தூரம், போட்டுவிட்டால் சமன். தொம்மை தட்டில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவந்து வெளியே நின்றது.

தொம்மை கத்தவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கப்பல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். செல்வி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தொம்மைக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"ஏளா, தோத்தவன் வீட்டுலதான் அழுவாவ. நீ எதுக்கு அழுத?"

அண்ணாச்சி வாங்கிய டீ

கீர்த்தனா போன் செய்து பாராட்டினாள். என் கட்டுரையை நம்பிப் பந்தயம் கட்டியவர்கள் நன்றி சொல்லி எழுதியதையெல்லாம் அனுப்பினாள். தினசரியில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்ததில்லை. ஒன்றைக்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை.

தொம்மையிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். அந்தக் காற்றுக்கு முன்னாலேயே ஆடி முடித்தவர்கள் எத்தனையோ பேர், அத்தனை பேரும் ஜெயிக்கவில்லையே என்றேன். "அவனுகளை நீங்க எழுதலையே" என்றார். ஏஜென்சியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. அந்த இடத்துக்குப் புன்னைக்காயல்காரர் ஒருவர் போனதாகத் தெரிந்தது.

பீச் ரோட்டில் பால்பாண்டி அண்ணாச்சி, சொன்ன சொல் தவறாமல், முதல் முறையாக டீ வாங்கித் தந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பாதி குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இந்த டீ எனக்கு இறங்கல தம்பி. அடுத்த வாரம் பழையபடி நீங்களே வாங்குங்க."

கம்பெனி வேன்

அதன்பிறகு தொம்மை வாராவாரம் காற்று பார்த்தார். அமெரிக்கா, ஸ்பெயின், எங்கே போட்டி நடந்தாலும் அம்புக்குறிகளைப் பார்த்து எனக்குச் சொல்லுவார். காற்று அவர் சொன்ன நேரத்துக்கு, சொன்ன திசையில் வந்தது. ஆட்டக்காரர்கள்தான் வரவில்லை. அன்று வென்ற பணம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து அவராகவே ஏஜென்சிக்குப் போன் செய்தார். ஒரு பெண் மரியாதையாகப் பேசி, வயதைக் கேட்டு, குறித்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டாளாம். தொம்மை இப்போது மாடியில்தான் அதிக நேரம் இருக்கிறார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் அங்கிருந்து தெரியும்.

செல்வி இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். காலையில் தெருமுனையில் கம்பெனி வேன் வரும். போன வாரம் பால் வாங்கப் போனபோது அங்கே நின்றாள். ஐஸில் கிடக்கும் இறாலைத் தோல் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மகள் படிப்பை நிறுத்தவில்லை, அதற்குத்தான் இது என்றாள். இந்த வாரம் யாரை எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். அவன் தோற்றுவிடுவானா என்றாள். நிச்சயம் தோற்பான் என்றேன். வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"இப்பத் தோத்து என்னத்துக்கு அண்ணாச்சி? அன்னைக்கு ஒருநாத் தோத்திருந்தாப் போதுமே."

இந்தத் தொழிலில் நான் எழுதியது பலித்தது ஒரே ஒரு முறை, புகார் வந்ததும் அதற்கு மட்டும்தான்.